இரண்டு மில்லி ஆம்பியர்

மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பதும், அவற்றின் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதும் என் தொழில். ஈசிஜி, இன்ஃப்யூஷன் பம்ப், டீஃபிப்ரிலேட்டர் என்று நாள் முழுக்க இதுதான். சில வருடங்களாக இந்த வரிசையில் ஒரு சின்னப் பெட்டியும் சேர்ந்திருக்கிறது. இரண்டு ஒயர், இரண்டு ரப்பர் தகடு, தகடுகளைப் போட்டுக்கொள்ள இரண்டு ஸ்பாஞ்ச் உறை, நெற்றியைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை. அவ்வளவுதான் சாமான். மண்டையோட்டைத் திறக்காமல், தோலுக்கு மேலிருந்தே மூளைக்கு மெல்லிய நேர்மின்னோட்டம் கொடுக்கிற கருவி. டாக்டர்கள் டிடிசிஎஸ் என்கிறார்கள். மனச்சோர்வுக்கு, இல்லாத குரல் காதில் கேட்பதற்கு, நாள்பட்ட வலிக்கு, பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சிக்குத் துணையாக என்று பல இடங்களில் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

இந்தப் பெட்டியைப் பற்றி என் காதில் இரண்டு விதமான பேச்சு விழுகிறது. ஒன்று பயம்: “மண்டையில கரண்ட் வைக்கிறதா? வேண்டவே வேண்டாம்.” இன்னொன்று அதற்கு நேர் எதிரான உற்சாகம்: “பக்கவிளைவே கிடையாது, ஆன்லைன்ல வாங்கி வீட்டிலேயே போட்டுக்கலாம், மாத்திரையை நிறுத்திடலாம்.” முதல் பேச்சால் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய உதவி தள்ளிப்போகலாம். இரண்டாவது பேச்சு எனக்கு அதைவிட அதிகக் கவலை தருகிறது. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது.

பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். நம் ஊரில் மனநோய், மின்சாரம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே சினிமாவில் பார்த்த ஷாக் ட்ரீட்மென்ட் காட்சிதான் நினைவுக்கு வரும். அந்தச் சிகிச்சையின் பெயர் இ.சி.டி. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கியது. அதில் கொடுக்கும் மின்னோட்டம் சுமார் 800, 900 மில்லி ஆம்பியர். சில நொடிகள்தான் கொடுப்பார்கள். மூளையில் ஒரு வலிப்பை வேண்டுமென்றே உண்டாக்குவதுதான் அதன் நோக்கம். சாப்பிடாமல், பேசாமல், உயிரை விட்டுவிடலாம் என்ற நிலைக்குப் போனவர்களை மீட்டெடுப்பதில் இன்றைக்கும் அதற்கு இணையான சிகிச்சைகள் குறைவு. சினிமாவில் காட்டுவதுபோல நினைவோடு இருப்பவரைப் பிடித்துக் கட்டிவைத்துக் கொடுப்பதில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இ.சி.டி. கொடுக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

டிடிசிஎஸ் அந்த வகையே இல்லை. இதில் போகிற மின்னோட்டம் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர். இ.சி.டி.யில் கொடுப்பதில் நானூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். வலிப்பு வராது, மயக்க மருந்து கிடையாது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருப்பார். 20 நிமிடமோ 30 நிமிடமோ ஆனதும் எழுந்து, தலையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஒரு அமர்வு எப்படி நடக்கும் என்று கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அளவு சோதிக்கப் போன ஒரு காலையில், முதல் நோயாளி வந்துவிட்டதால் என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கூடவே மகள். சிஸ்டர் முதலில் கேட்டது, “அம்மா, தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களா?”

“காலைல லேசாத்தான்மா வச்சேன். வறண்டு போயிருந்துச்சு.”

“நேத்தே சொன்னேனே... சரி, பரவாயில்ல, துடைச்சு விடறேன். நாளைக்கு ஷாம்பு மட்டும் போட்டுட்டு வாங்க.”

தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. மயிர்க்காலில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மின்தடை ஏறிவிடும். அது கொஞ்ச இடத்தில் மட்டும் விலகியிருந்தால் மின்னோட்டம் முழுவதும் அந்தக் கொஞ்ச இடம் வழியாகவே போகப் பார்க்கும். வேற்று நாட்டு வழிமுறைகளில் ஹேர் ஸ்ப்ரே, ஜெல் வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி எண்ணெய்தான்.

அப்புறம் டேப்பை எடுத்து அளந்தார். மூக்குத் தண்டு நெற்றியில் தொடங்குகிற பள்ளத்திலிருந்து, பின்மண்டையில் கையால் தடவினால் தட்டுப்படும் மேடு வரைக்கும் ஒரு அளவு. ஒரு காதுக்கு முன்னாலிருந்து மறு காதுக்கு முன்னால் வரை இன்னொரு அளவு. அதைச் சதவீதமாகப் பிரித்து, நெற்றிக்குச் சற்று மேலே இடது பக்கம் ஒரு புள்ளி, வலது பக்கம் ஒரு புள்ளி வைத்தார். மூளை அலைகளைப் பதியும் ஈஈஜி எடுக்கிறவர்களுக்குப் பழக்கமான அதே கணக்கு. மனச்சோர்வுக்கு இடது முன்மூளையின் மேல் பாசிட்டிவ் தகடு வருவதுதான் வழக்கம். சீப்பின் வால் முனையால் முடியை வகிர்ந்து, தோல் தெரியும்படி ஒதுக்கினார். ஸ்பாஞ்சை உப்புநீரில் அப்படியே முக்கி எடுக்கவில்லை. சிரிஞ்சில் அளந்து எடுத்து ஊற்றினார். அதிகமானால் தண்ணீர் நெற்றியில் வழிந்து, தொட வேண்டிய இடத்தைத் தாண்டி மின்னோட்டம் பரவும். குறைந்தால் நடுவில் உலர்ந்துபோகும். பட்டையை இறுக்கி, தோலில் கீறலோ பருவோ இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியில் தடையின் அளவைச் சரிபார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்தினார். மின்னோட்டம் சட்டென்று ஏறாது. அரை நிமிடத்தில் படிப்படியாக 2 மில்லி ஆம்பியருக்கு வரும். அந்த அம்மா முதலில் நெற்றியைச் சுளித்தார். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்றார். மூன்று நான்கு நிமிடத்தில் அது அடங்கிவிட்டது. மகளோடு ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்துத் தகட்டை எடுத்தபோது நெற்றியில் இரண்டு சிவந்த சதுரங்கள். அவை மறைகிறதா, கொப்புளம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதி, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று மகளிடம் கேட்டு, அதையும் எழுதினார் சிஸ்டர். அந்தத் தூக்கக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இவ்வளவு சிறிய மின்னோட்டம் மூளையை என்னதான் செய்யும்? இதற்கு அடித்தளம் போட்ட ஆய்வு 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து வந்தது. மைக்கேல் நிட்ஷே, வால்டர் பவுலஸ் என்ற இருவர், கையை அசைக்கும் மூளைப் பகுதியின் மேல் தகடு வைத்து 1 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கொடுத்தார்கள். பிறகு காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைத் தூண்டி, கைத் தசை எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்தார்கள். பாசிட்டிவ் தகடு மேலே இருந்தால் துள்ளல் கூடியது. நெகட்டிவ் இருந்தால் குறைந்தது. மாற்றம் 40 சதவீதம் வரை போனது. மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் அது தொடர்ந்ததுதான் முக்கியம். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், 13 நிமிடம் கொடுத்தால் 90 நிமிடம் வரை அந்த மாற்றம் நிற்கிறது என்று காட்டினார்கள்.

நரம்பு செல்லை இந்த மின்னோட்டம் நேரடியாகச் சமிக்ஞை அனுப்ப வைப்பதில்லை. அதற்கு வேண்டிய வலிமை இதற்குக் கிடையாது. செல்லின் சவ்வில் இருக்கும் மின்னழுத்தத்தை ஒரு மில்லி வோல்ட்டுக்கும் குறைவாகத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பேசலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவரை லேசாகத் தட்டிக் கொடுப்பதுபோல. பேசப் போவது அவர்தான். அதனால்தான், மின்னோட்டம் போகும்போது அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கேற்ப விளைவும் மாறுகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இதைத் தனியாகக் கொடுக்காமல் கைப் பயிற்சியோடோ பேச்சுப் பயிற்சியோடோ சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பதும் இதனால்தான்.

நடுவில் ஒரு பெரிய சந்தேகமும் எழுந்தது. தோலில் கொடுக்கிற மின்னோட்டத்தில் எவ்வளவு மூளைக்குள் போகிறது? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் புஸாகியும் ஹங்கேரியில் இருக்கும் சக ஆய்வாளர்களும் இறந்தவர்களின் உடலில் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். தோலும் சதையும் எலும்புமாகச் சேர்ந்து, கொடுத்ததில் சுமார் 75 சதவீதத்தைக் குறைத்துவிடுகின்றன. 2 மில்லி ஆம்பியருக்கு மூளைக்குள் உண்டாகும் மின்புலம் மீட்டருக்கு 1 வோல்ட்டைக்கூடத் தொடுவதில்லை. இதைப் படித்தபோது, கருவி சோதிக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் என் மீட்டரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பெட்டியிலிருந்து வெளியே வரும் மின்னோட்டத்தை மட்டும்தான். ஒருவரின் எலும்பு தடிமனாக இருக்கும், இன்னொருவருக்கு வயதாகி மூளை சற்றுச் சுருங்கி நீர் இடைவெளி கூடியிருக்கும். ஒரே 2 மில்லி ஆம்பியர் இருவருக்கும் ஒரே அளவு மருந்தாகாது. எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக் கணினியில் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆய்வுகள் இதற்காகத்தான் நடக்கின்றன.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். 2016இல் மரோம் பிக்சன் என்ற ஆய்வாளரின் தலைமையில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 33,200 அமர்வுகளுக்கு மேல்; திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் மட்டுமே 1,000 பேர். மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியருக்குள், நேரம் 40 நிமிடத்துக்குள் இருக்கும் வரை, கடுமையான பாதிப்போ மீளாத காயமோ பதிவாகவில்லை. இது சாதாரணத் தகவல் இல்லை. மனநல மருத்துவத்தில் இவ்வளவு லேசான பக்கவிளைவோடு இருக்கும் சிகிச்சைகள் அதிகமில்லை. அரிப்பு, குறுகுறுப்பு, தோல் சிவத்தல், லேசான தலைவலி, அசதி. பெரும்பாலும் அவ்வளவே. பயப்படுகிற குடும்பங்களிடம் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்த 33,200 அமர்வுகளும் எப்படி நடந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலையில் உலோகம் பதித்தவர்கள், மண்டையோட்டில் அறுவை நடந்து ஓட்டை உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் போன்றோரைப் பெரும்பாலும் முன்கூட்டியே விலக்கிவிட்டுச் செய்த ஆய்வுகள் அவை. அளவை ஒருவர் நிர்ணயித்தார், தோலை ஒருவர் பார்த்தார், ஏதாவது என்றால் நிறுத்த ஆள் இருந்தது. “பாதுகாப்பானது” என்ற சொல் இந்த ஏற்பாடு முழுவதற்கும் கிடைத்த சான்றிதழ். அதில் பெட்டியை மட்டும் பிரித்தெடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் அதே சொல்லை அச்சடித்து விற்கும்போது, சான்றிதழ் வேறொரு பொருளின் மேல் ஒட்டப்படுகிறது.

எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், கெட்டிக்காரன், இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டான். “அண்ணே, வெறும் 2 மில்லி ஆம்பியர்தானே? ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ரெண்டு ஒயர். நானே பண்ணிடுவேன். எதுக்கு இவ்வளவு காசு?” இணையத்தில் பார்த்து இப்படிச் செய்து தலையில் கட்டிக்கொள்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்க, கணினி விளையாட்டில் ஜெயிக்க என்று.

அவனோடு மேசையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். தலையின் தடை 5 கிலோ ஓம் என்றால் 9 வோல்ட்டுக்கு 1.8 மில்லி ஆம்பியர் போகும். சரியான அளவுதான். ஆனால் தடை அப்படியே நிற்காது. உப்புநீர் தோலுக்குள் ஊற ஊற இறங்கும். 2 கிலோ ஓமுக்கு வந்தால் அதே பேட்டரி 4.5 மில்லி ஆம்பியர் தள்ளும். மருத்துவக் கருவி என்பது பேட்டரி இல்லை. மின்னோட்டத்தை மாறாமல் பிடித்து வைக்கிற சுற்று. தடை மாறினால் தன் வோல்ட்டேஜை அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தடை எல்லை தாண்டினால் தானே இறங்கி நின்றுவிடும். அந்த நின்றுவிடும் பகுதிக்குத்தான் பெரிய வேலை.

“ரெசிஸ்டரைப் பெரிசா போட்டுட்டா?” என்றான்.

நல்ல கேள்வி. மொத்த மின்னோட்டத்தை அப்படி ஓரளவு கட்டுப்படுத்தலாம். ஆனால் அது தோலில் எங்கே இறங்குகிறது என்பதை ரெசிஸ்டர் கட்டுப்படுத்தாது. 35 சதுர சென்டிமீட்டர் ஸ்பாஞ்சில் 2 மில்லி ஆம்பியர் பரவி இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.06 மில்லி ஆம்பியர்கூட வராது. ஸ்பாஞ்ச் உலர்ந்து, ஒரு மூலையில் ஒரு சதுர சென்டிமீட்டர் மட்டும் ஈரமாகத் தோலைத் தொட்டால், அதே 2 மில்லி ஆம்பியர் அந்த இடத்தில் 35 மடங்கு அடர்த்தியாக இறங்கும். தோல் புண்ணாகும். மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ள தோல் காயங்களில் பலவும் இப்படிப்பட்ட காரணங்களால் வந்தவை: உலர்ந்த ஸ்பாஞ்ச், உப்புநீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர், ஏற்கெனவே அடிபட்டிருந்த தோல், சரியாக ஒட்டாத தகடு. காயம் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அது நெற்றியில் இருக்கும்.

தோலைவிட முக்கியமானது உள்ளே. கூட்டினால் பலன் கூடும் என்று நினைக்கிறோம். இந்தச் சிகிச்சையில் அந்தக் கணக்கே செல்லாது. நெகட்டிவ் தகட்டை வைத்து 1 மில்லி ஆம்பியர் கொடுத்தால் மூளைப் பகுதி அடங்குகிறது. அதே தகட்டில் 2 மில்லி ஆம்பியரை 20 நிமிடம் கொடுத்தபோது அடங்குவதற்குப் பதில் தூண்டப்பட்டது என்று 2013இல் கோட்டிங்கன் குழுவே காட்டியது. அளவை இரட்டிப்பாக்கியதும் திசையே திரும்பிவிட்டது. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் எண்களைக் கற்கும் திறனைச் சோதித்தார்கள். மூளையின் ஓரிடத்தைத் தூண்டியபோது புதியதைக் கற்பது வேகமானது, ஆனால் கற்றதைத் தன்னியல்பாகப் பயன்படுத்துவது மோசமானது. வேறோர் இடத்தைத் தூண்டியபோது இது தலைகீழானது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. 2016இல் இந்தத் துறையின் 39 ஆய்வாளர்கள் சேர்ந்து, தாங்களே செய்துகொள்கிறவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். தகட்டுக்கு நேர் கீழே உள்ள இடம் மட்டுமல்ல, நீங்கள் நினைப்பதைவிட அதிகமான பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. ஆள் மாறினால் விளைவும் மாறும். மாற்றம் நீண்ட நாள் நிற்கலாம் என்று பொறுமையாக விளக்கினார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. எனக்கு அந்தக் கடிதத்தின் தொனி மிகவும் பிடித்தது.

மாத்திரைகளும் இதில் தலையிடுகின்றன. வலிப்புக்கும் மனநிலைக்கும் கொடுக்கும் கார்பமஸெபின், மின்னோட்டம் போகும்போதே பாசிட்டிவ் தகட்டின் விளைவை அடக்கிவிடுகிறது. சாதாரண இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான், மின்னோட்டம் நின்ற பிறகும் அந்த விளைவு தங்குவதைத் தடுக்கிறது. சிட்டலோப்ராம் போன்ற மனச்சோர்வு மருந்து அந்த விளைவைக் கூட்டுகிறது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் பென்ஸோடயாஸெபின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருக்கலாம் என்று பிரேசில் ஆய்வுத் தரவுகள் காட்டின. அரசு மருத்துவமனைச் சீட்டிலிருந்து பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது வரை, வாயில் போடும் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

இப்போது தூக்கக் கேள்விக்கு வருகிறேன். மனச்சோர்வுக்கு இது வேலை செய்கிறதா என்பதற்குப் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் முக்கியமானது, சாவோ பாவ்லோவில் ஆந்த்ரே புருனோனி குழு 245 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை, பொய்யான மின்னோட்டம். இன்னொரு பிரிவுக்கு நிஜ மின்னோட்டம், பொய் மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு இரண்டுமே பொய். பத்து வாரம், 22 அமர்வு. மனச்சோர்வு அளவுகோலில் மாத்திரைப் பிரிவு சராசரியாக 11.3 புள்ளி இறங்கியது. மின்னோட்டப் பிரிவு 9.0, பொய்ச் சிகிச்சைப் பிரிவு 5.8. அதாவது மின்னோட்டத்துக்குப் பலன் இருந்தது. ஆனால் மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. “மாத்திரையை நிறுத்திடலாம்” என்று பேசுகிறவர்கள் இந்த மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். அதே ஆய்வில், மின்னோட்டப் பிரிவில் இருந்த இரண்டு பேருக்குப் புதிதாக மேனியா வந்தது. தூக்கம் குறைந்து, பேச்சும் எண்ணமும் வேகமெடுத்து, கட்டுப்பாடு இல்லாமல் போகிற நிலை அது. மனச்சோர்வு மாத்திரைகளிலும் இந்த ஆபத்து உண்டு என்பது டாக்டர்களுக்குத் தெரியும், அதனால் கண்காணிப்பார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவரை யார் கண்காணிப்பது? மேனியாவின் தொடக்கத்தில் இருப்பவருக்குத் தான் பிரமாதமாகக் குணமாகிவிட்டதாகத்தான் தோன்றும். அந்தச் சிஸ்டர் மகளிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான்.

2017க்குப் பிறகு வந்த ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. உலக அளவிலான ஒரு நிபுணர் குழு, மனச்சோர்வுக்கு இது உறுதியாகப் பலன் தருகிறது என்று உயர்ந்த தரம் கொடுத்தது. 2023இல் ஜெர்மனியில் எட்டு மையங்களில் 160 பேரோடு நடந்த ஆய்வில், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஆறு வாரம் கொடுத்தும் பொய்ச் சிகிச்சையைவிட மேலாக ஒன்றும் தெரியவில்லை. 2024இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 174 பேர் வீட்டிலிருந்தபடியே, வீடியோ அழைப்பில் ஆய்வாளர்களின் மேற்பார்வையோடு பத்து வாரம் போட்டுக்கொண்டார்கள். நிஜப் பிரிவில் 44.9 சதவீதம் பேர் நோய் அடங்கிய நிலைக்கு வந்தார்கள், பொய்ப் பிரிவில் 21.8 சதவீதம். அதே ஆண்டு பிரேசிலில் 210 பேரிடம் வீட்டிலேயே கொடுத்துப் பார்த்த ஆய்வில் வித்தியாசம் இல்லை.

இந்த எண்களை அடுக்கினால் படிக்கிறவருக்குக் குழப்பமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் குழப்பம்தான் இன்றைய நிலவரம், அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த 174 பேர் ஆய்வில் பொய்ச் சிகிச்சைப் பிரிவிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் குணமானார்கள் என்பதைக் கவனியுங்கள். பொய் மின்னோட்டம் என்றால் ஆரம்பத்தில் மட்டும் ஏற்றி, குறுகுறுப்பை உணர வைத்து, பிறகு சத்தமில்லாமல் இறக்கிவிடுவார்கள். தினமும் ஒருவர் வந்து பேசி, அளந்து, நலம் விசாரித்து, நேற்று தூங்கினீர்களா என்று கேட்பதே மனச்சோர்வில் இருப்பவருக்குப் பெரிய மருந்து. அது மின்சாரத்தின் கணக்கில் எழுதப்படக்கூடாது. அதைக் குறைத்தும் பேசக்கூடாது.

நமக்குப் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் நடக்கும் வேலை எனக்கு நம்பிக்கை தருகிறது. ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களில் சிலருக்கு எத்தனை மருந்து கொடுத்தும் காதில் குரல் நிற்காது. திட்டும், கட்டளை போடும், விடிய விடியப் பேசும். 2012இல் பிரான்ஸின் லியோன் நகரத்துக் குழு இப்படிப்பட்ட 30 பேரை நிஜம், பொய் என்று பிரித்து, இடது நெற்றிப் பக்கம் பாசிட்டிவும் இடது காதுக்கு மேலே பின்புறமாக நெகட்டிவும் வைத்து, தினம் இருமுறை ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தது. நிஜப் பிரிவில் குரல்களின் தொல்லை சுமார் 31 சதவீதம் குறைந்து, மூன்று மாதம் வரை அந்த நிலை நீடித்தது. நிம்ஹான்ஸில் கணேசன் வெங்கடசுப்ரமணியன் குழு இதையே எடுத்துக்கொண்டு, அதேபோல நிஜமும் பொய்யுமாகப் பிரித்து, மருந்துக்கு அடங்காத 25 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டது. நிஜப் பிரிவில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஆள் எண்ணிக்கை சிறியது, எல்லா நாட்டிலும் இதே முடிவு வரவும் இல்லை. இருந்தாலும், குரல்களோடு வாழ்கிற ஒருவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்கூட அந்த வீட்டில் ராத்திரி எப்படி மாறும் என்று அப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருந்தை நிறுத்தாமல், மருந்தோடு சேர்த்துக் கொடுத்த பலன் இது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வலி, உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, குடி விட்டவர்களுக்கு வரும் ஏக்கம் இவற்றிலெல்லாம் “பலன் இருக்கலாம்” என்ற நிலையில் ஆய்வுகள் நிற்கின்றன. நினைவாற்றல் கூட்டும், குழந்தையை நன்றாகப் படிக்க வைக்கும் என்று விற்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது, மூளை வளர்ந்துகொண்டிருப்பது. பெரியவர்களுக்குப் போட்ட கணக்கை அவர்களுக்கு அப்படியே வைக்க முடியாது. மார்க்குக்காக ஒரு பிள்ளையின் தலையில் இதைக் கட்டுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் இதைப் பரிந்துரைத்தால், பயந்து ஓடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை மில்லி ஆம்பியர், எத்தனை நிமிடம், எத்தனை அமர்வு, எதற்காக இந்த இடத்தில் தகடு, எத்தனை வாரத்தில் பலன் இல்லை என்றால் நிறுத்துவீர்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்கிற இடம் நல்ல இடம். தலையில் கிளிப், காது கேட்பதற்காக உள்ளே பதித்த காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர், எப்போதோ வந்த வலிப்பு, குடும்பத்தில் யாருக்காவது மேனியா என்று எது இருந்தாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பெட்டியில் அளவு சோதித்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் தேதியைப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருக்கிறவருக்கு, வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும் இந்தச் சிகிச்சையை நம்பிக் காத்திருக்கக்கூடாது. உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி நேரம், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யலாம். அது டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

அமர்வுகள் நடக்கிற வாரங்களில் வீட்டில் ஒருவர் மட்டும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், பேச்சு எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் ஒரு வரி. இரண்டு மூன்று நாளாகத் தூக்கம் நாலு மணி நேரமாகச் சுருங்கி, அதற்குப் பிறகும் களைப்பே இல்லாமல், பேச்சு வேகமெடுத்து, இல்லாத பணத்தில் புதுத் திட்டமெல்லாம் போட ஆரம்பித்தால், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாமல், அடுத்த அமர்வை நிறுத்தி வைத்து, அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.